ஜப்பானியப் பாட்டுக்கு மூன்று பிரதிகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, நான் ஓய்வுபெற்ற துறைமுக அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் என்னிடம் பதினொரு வருடம் வேலை பழகியவர். இப்போது என்னுடைய கதிரையிலேயே இருக்கிறார்.

"மிஸ், உங்கட கடிதம் மேல போயிற்று."

"மேல போறதுக்குத்தானே கடிதம் எழுதுறது."

"போய்த் திரும்பியும் வந்திட்டுது மிஸ். மூண்டு பிள்ளையளும் அந்த விலாசத்திலதான் இருக்கினமோ, பாதுகாவலர் ஆர் எண்டு ஜி.எஸ்ஸிட்ட அறிக்கை கேட்டிருக்கினம். நேற்றே அனுப்பியாச்சு. இண்டைக்கு அவ வீடு வீடாப் போவா. உங்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரேல்ல."

தொலைபேசியை வைத்துவிட்டு அலுமாரியிலிருந்து என்னுடைய பிரதியை எடுத்தேன். மூன்று பிரதிகள் எழுதினேன். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று எனக்கு. பதினான்கு வயதுப் பிள்ளைகள் மூவர், பாவனையில் இல்லாத பழைய இறங்குதுறையில் இருபது நிமிடம் ஒரு ஜப்பானியப் பாட்டுக்கு ஆடி, அதைக் கைபேசியில் படம்பிடிக்க அனுமதி கோரும் கடிதம். பெயர், வயது, பாடசாலை, விலாசம் எல்லாம் என் கையால் எழுதியவை. முதல் விலாசம் எங்கள் வீடு. இரண்டாவது கடைத்தெருவில் ஒரு துணிக்கடை. மூன்றாவது விலாசத்தில் என் கண் நின்றுவிட்டது. அந்த வீட்டு வாசலில் ஜி.எஸ் என்ற கிராம உத்தியோகத்தர் கோப்போடு வந்து நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே தங்கிப் படிக்கும் பிள்ளை மறுநாள் காலை சொந்த ஊருக்கு, மூதூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் இருப்பாள்.

ஜப்பானியப் பாட்டு இந்தத் துறைமுகத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று நான் விசாரித்திருக்கிறேன். கப்பலில் வரவில்லை. கார்ட்டூன் தொடர்களின் தொடக்கப் பாட்டாகக் கைபேசி வழியே, சுங்கப் பக்கம் தலைகாட்டாமல் வந்திருக்கிறது. மாடியில் இருக்கும் என் தம்பியின் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் தொற்றியது. அவளிடமிருந்து மற்ற இருவருக்கும். வகுப்பில் பாதிப் பேருக்கு இப்போது அந்தப் பாட்டுகளைப் பாடி ஆடும் குழுக்களின் பெயர்கள் பாடம். பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொரு வரிக்குக் கீழும் சிவப்புப் பேனையால் பொருள் எழுதுவார்கள். வரலாற்றுப் பாடத்துக்கு அப்படியொரு கொப்பி நான் கண்டதில்லை. சில சொற்கள் எனக்கும் படிந்துவிட்டன. சோரா என்றால் வானம். யுமே என்றால் கனவு. அஷிதா என்றால் நாளை. இந்த மூன்றும் இல்லாமல் பாட்டெழுத அந்த நாட்டில் அனுமதி கிடைக்காது போலிருக்கிறது.

கிழமையில் மூன்று பின்னேரம் என் முன்னறைக் கதிரைகள் சுவரோரம் ஒதுங்கும். டோர்ச் லைட்டுகளில் நிறக் கண்ணாடித்தாள் சுற்றி, அவற்றைப் பாட்டின் தாளத்துக்கு ஆட்டுவார்கள். துணிக்கடைப் பிள்ளை இடது பக்கம், தம்பியின் மகள் வலது பக்கம். நடுவில் நிற்பவள் மூன்றாவது விலாசத்துப் பிள்ளை, ஊர் மூதூர்ப் பக்கம் இலங்கைத்துறை. நடு இடம் பெரிய இடமாம். குழுவின் முகம் அவள்தானாம். வகுப்பில் கையுயர்த்தாத பிள்ளை, என் வீட்டில் தண்ணீர் கேட்பதற்கே இரண்டு தரம் யோசிக்கிற பிள்ளை, பாட்டின் முதல் அடி விழுந்ததும் வேறு ஆளாகிவிடுவாள். அந்த மூன்றரை நிமிடமும் மற்ற இருவரையும் கண்ணாலேயே நடத்துவாள். நான் பல தலைமை அதிகாரிகளின் கீழ் வேலை செய்தவள். அப்படி நடத்தத் தெரிந்தவர்கள் அவர்களில் இரண்டு பேர்.

அவளுடைய தாய் வெளிநாட்டில் வேலை செய்கிறார். நாலாம் வகுப்பிலிருந்து பெரியம்மா வீட்டில் தங்கி நகரத்தில் படிக்கிறாள். பெரியம்மா வீட்டிலேயே பாடசாலைச் சீருடை தைப்பவர். அவர் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. வெளியாள் ஒருவர் முறைப்பாடு என்று வாசலுக்கு வந்தால், அடுத்த பஸ். இது வெருட்டு இல்லை என்பதற்கு முன்னுதாரணம் இருந்தது. பிள்ளையின் அக்காவும் அதே வீட்டில் தங்கிப் படித்தவள்தான். பாடசாலை நேரத்தில் பஸ் நிலையத்தில் கண்டதாக ஒரு துண்டுக் கடிதம் வந்தது. மறுநாள் அவள் ஊருக்குப் போனாள். இப்போது கடற்கரையில் கருவாடு காயவைக்கிறாள். பாடசாலைக்குத் திரும்பவில்லை.

இதை எனக்குச் சொன்னவள் தம்பியின் மகள். ஒருநாள், குழுவிலிருந்து ஒருத்தி விலகுவதை ஜப்பானில் எப்படிக் கொண்டாடுவார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பட்டம் பெறுதல் என்று பெயராம். கடைசிப் பாட்டு, பூங்கொத்து, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அழுவது.

"எனக்கு ஒரு சுவர் மணிக்கூடு தந்தவை," என்றேன்.

"நீங்களும் பட்டம் பெற்றிருக்கிறீங்க மாமி."

"அப்ப அவளின்ர அக்கா போனதும் பட்டமோ?"

அவள் சிரிக்கவில்லை. "அது பட்டமில்ல மாமி. அவவை ஏத்தி விட்டது. அடுத்தது இவ எண்டுதான் பயம். ஆடுறது பெரியம்மாவுக்குத் தெரியாது. இஞ்ச படிக்க வாறதெண்டு சொல்லித்தான் வாறவ."

படிக்க வருவது பொய்யுமல்ல. கணக்கு முடிந்த பிறகே கதிரைகள் ஒதுங்கும். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது என் முதல் பிழை.

இரண்டாவது பிழை கடிதம். அவர்கள் தேர்ந்தெடுத்த பாட்டின் காணொளி ஒரு இறங்குதுறையில் எடுக்கப்பட்டது. பின்னால் கப்பல், கிரேன், சாம்பல் நிறக் கடல். நமக்கும் அதெல்லாம் உண்டே, மாமி பார்த்துப் பார்த்துச் சலித்தவைதானே, என்றார்கள். பழைய இறங்குதுறையின் கம்பி வேலியில் ஒரு ஓட்டை இருக்கிறது. தூண்டில் போடுகிறவர்களும், கலியாணப் படம் எடுக்கிறவர்களும், காதலர்களும் அதற்குள்ளால்தான் போய் வருகிறார்கள். நான் சேவையில் இருந்தபோதே அந்த ஓட்டை இருந்தது. அதை அடைக்கும்படி ஐந்து தரம் எழுதியிருக்கிறேன்.

"மாமி, ஊரே ஓட்டைக்குள்ளாலதான் போகுது," என்றாள் துணிக்கடைப் பிள்ளை. "கடிதம் எழுதினாத்தான் நாங்க போறது அவங்களுக்குத் தெரியவரும். எங்கட வாப்பாவும் அதைத்தான் சொல்றார்."

"ஓட்டை ஒரு நடைமுறையில்ல," என்றேன். இதைச் சொன்னபோது எனக்கு இருந்த திருப்தி இப்போதும் நினைவிருக்கிறது.

அந்த விண்ணப்பப் படிவத்தை வடிவமைத்ததே நான்தான். பாட்டின் சொற்களையும் பொருளையும் இணைப்பாக வைத்தேன். பாதுகாவலர் என்ற வரியில், மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து என்னுடையது. தம்பி, "அக்கா, நீங்களே வையுங்கோ" என்றான். துணிக்கடைக்காரரும் தொலைபேசியில் அதையே சொன்னார். மூன்றாவது பிள்ளைக்காக நான் யாரையும் கேட்கவில்லை. பேனை கையில் இருந்தது, வைத்துவிட்டேன்.

தொலைபேசி வந்து அரை மணித்தியாலத்தில் அலுவலகத்தில் நின்றேன். என் கதிரையில் இருந்தவர் எழுந்து நின்றார். அந்த மரியாதை எனக்கு அன்றைக்குத் தேவைப்படவில்லை.

"கடிதத்தை நான் வாபஸ் வாங்கிறன்," என்றேன்.

"பதிவான கடிதத்தைத் திருப்பிக் குடுக்க ஏலாது மிஸ்."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். நான் வேலைக்கு வந்து ரெண்டாம் நாள். ஒரு ஆள் அழுதுகொண்டு நிண்டவர், நினைவிருக்கோ?"

நினைவிருந்தது. அந்த ஆளுக்கு நான் கதிரை கூடக் கொடுக்கவில்லை.

கோப்பைத் திறந்து காட்டினார். குறிப்புத்தாளில் மேலதிகாரியின் பச்சை மை. 'பாட்டு எந்த மொழி? பொருளை உறுதிப்படுத்தியவர் யார்? ஒரே பாதுகாவலருக்கு மூன்று விலாசமா?' ஒரு கேள்விகூடப் பிழையில்லை. அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தால் நாலாவதாக ஒன்றும் கேட்டிருப்பேன்.

"வாபஸ் எண்டு இன்னொரு கடிதம் தாங்கோ," என்றார். "இதே கோப்பில போடுறன். ஆனா முதல் கடிதம் போன வழியிலதான் அதுவும் போகும். மூண்டு நாள் எடுக்கும்."

"ஜி.எஸ் இண்டைக்குப் போறா."

"ஓம் மிஸ்," என்று தலையைக் குனிந்துகொண்டார். "நீங்கள் பழக்கின மாதிரித்தான் செய்தனான்."

கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்துக்கு ஆட்டோவில் போனேன். கதவு பூட்டியிருந்தது. வெளிக்களக் கடமை என்று பலகை தொங்கியது. பக்கத்துக் கடையில் விசாரித்தேன். கடைத்தெருப் பக்கம் முதலில் போனார், பிறகு கோயிலடிப் பக்கம் வருவார் என்றார்கள். துணிக்கடை முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் ஆளில்லை. மிச்சம் இருப்பது ஒரு விலாசம். மணி ஒன்று. பாடசாலை விட அரை மணித்தியாலம் இருந்தது.

அந்த வீட்டு வாசலில் ஸ்கூட்டி எதுவும் இல்லை. உள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சீருடைத் துணிகள் கதிரைகளிலும் கட்டிலிலும் குவிந்திருந்தன. பெரியம்மா என்னைப் பார்த்ததும் ஒரு கதிரையை ஒழித்துத் தந்தார். என் தம்பி மகளின் மாமி என்ற அளவில் என்னைத் தெரியும். நல்லூழ் என்றே சொல்லவேண்டும், வரவேற்பில் குறை வைக்கவில்லை.

"பிள்ளை ஏதும் பிழை செய்திட்டாளோ?" இயந்திரம் நிற்கவில்லை.

"பிள்ளை ஒண்டும் செய்யேல்ல. பிழை செய்தது நான்."

சொல்லத் தொடங்கினேன். முப்பத்திநாலு வருடம் விளக்கக் கடிதங்கள் வாங்கியவள், ஒன்றை வாயால் கொடுத்துப் பார்த்ததில்லை. பாட்டைச் சொன்னேன், ஆட்டத்தைச் சொன்னேன், என் வீட்டில் நடந்ததை மறைக்கவில்லை. இறங்குதுறை, கடிதம், ஜி.எஸ் எல்லாம் சொன்னேன். அவர் ஒரு சட்டைக் கையின் விளிம்பைக் கடைசிவரை ஓட்டி முடித்து, நூலை வெட்டினார். அதன் பிறகுதான் கையை நீட்டினார்.

"கடிதத்தைத் தாங்கோ."

என் பிரதியைக் கொடுத்தேன். மெதுவாக வாசித்தார். ஜப்பானியப் பாட்டின் இணைப்பையும் ஒரு வரி விடாமல் வாசித்தார். பிறகு முதல் தாளுக்குத் திரும்பி, அடியில் விரலை வைத்தார்.

"இது ஆரின்ர கையெழுத்து?"

"என்ர."

"பாதுகாவலர் எண்டு போட்டிருக்கு."

"ஓம்."

எழுந்து உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வாசலைப் பார்த்தேன். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அது அவர் இல்லை. பெரியம்மா ஒரு பிஸ்கற் தகரத்தோடு வந்து, மூடியைத் திறந்து, தாள்களை ஒவ்வொன்றாக என் மடியில் வைத்தார். பாடசாலைச் சேர்வு விண்ணப்பம், தடுப்பூசி அட்டை, நூலக அங்கத்துவம், சுற்றுலாச் சம்மதக் கடிதம், பல்லுப் பிடுங்குவதற்கான சம்மதக் கடிதம். எல்லாவற்றிலும் பாதுகாவலர் என்ற இடத்தில் ஒரே கையெழுத்து, முழுப்பெயரில், எழுத்துக்கு எழுத்து.

"ஆறு வருசம்," என்றார். "ஆடினது போகட்டும். பிள்ளையள் ஆடும். கூப்பிடு தூரத்தில இருக்கிறன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீங்கள். படிச்ச ஆக்கள்."

மடியில் இருந்த தாள்களை அடுக்கினேன். அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டி நின்றது.

கிராம உத்தியோகத்தர் இளம்பெண். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்து, என்னைக் கண்டதும், "மிஸ்ஸும் இஞ்சயோ? உங்கட வீடு பூட்டியிருந்தது" என்றார். உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். பிள்ளையின் பெயரை வாசித்தார்.

"இஞ்சதான் இருக்கிறாவோ?"

"ஓம். ஆறு வருசமா."

"நடத்தை?"

"என்ர வீட்டில இருக்கிற பிள்ளை," என்றார் பெரியம்மா. அதை எப்படி எழுதுவது என்று யோசித்துவிட்டு ஜி.எஸ் ஒரு சொல் எழுதினார். பிறகு கோப்பில் இருந்த அலுவலகப் பிரதியின் அடியைப் பேனையால் தட்டினார்.

"பாதுகாவலர் எண்டு வைச்சிருக்கிறது உங்கட கையெழுத்தோ அம்மா?"

இல்லை என்று சொன்னால் அறிக்கையில் பொய்ப் பிரகடனம் என்று விழும். அது எனக்கு. அதோடு இந்த வீட்டு விலாசத்தில் ஒரு கோப்பு திறக்கும், பாடசாலைக்கு ஒரு பிரதி போகும், அதிபர் வீட்டாரை அழைப்பார். அது பிள்ளைக்கு. ஓம் என்று சொன்னால் பொய் பெரியம்மாவுடையதாகிவிடும். நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"பாதுகாவலர் நான். என்ர கையெழுத்து விடுபட்டுப் போச்சு. தாங்கோ, வைச்சு விடுறன்."

ஜி.எஸ் தயங்கினார். "பதிஞ்ச கடிதத்தில இப்ப வைக்க ஏலுமோ தெரியாது." என்னைப் பார்த்தார். "மிஸ்ஸுக்குத்தான் தெரியும். ஏலுமோ மிஸ்?"

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். ஏலாது. பதிவான ஆவணத்தில் பின்னர் ஒரு புள்ளி சேர்ப்பதும் திருத்தம். அதற்காக நான் ஒரு எழுதுவினைஞரைத் தொலைவான இடத்துக்கு மாற்றம் செய்வித்திருக்கிறேன்.

"ஏலும்," என்றேன். "பக்கத்தில இண்டைய திகதி போட்டு, பின்னர் இணைக்கப்பட்டது எண்டு எழுத வேணும். கீழ நீங்கள் சுருக்கொப்பம் வைக்க வேணும். அதுக்கு ஒரு சுற்றறிக்கை இருக்கு."

"இலக்கம் தெரியுமோ மிஸ்? அறிக்கையில போட."

"பழசு. இலக்கம் போடத் தேவையில்ல."

முப்பத்திநாலு வருடச் சேவையில் நான் இயற்றிய ஒரே விதி அது. சேவை முடிந்த பிறகு இயற்றினேன்.

பெரியம்மா விரலிலிருந்த தையல் சுண்ணாம்பைச் சேலையில் துடைத்துவிட்டு, பேனையை வாங்கி, என் கையெழுத்துக்கு மேலே இருந்த சிறிய இடைவெளியில் தன் முழுப்பெயரை எழுதினார். அவசரப்படவில்லை. ஜி.எஸ் சுருக்கொப்பம் வைத்தார், தேத்தண்ணி வேண்டாம் என்றார், தலைக்கவசத்தை மாட்டினார்.

அவர் ஸ்கூட்டியைத் திருப்பும்போது பிள்ளை வந்தாள். முதலில் ஸ்கூட்டியை, பிறகு கோப்பை, பிறகு உள்ளே என்னைப் பார்த்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் மண்ணில். புத்தகப் பையின் இரண்டு வாரையும் இறுகப் பிடித்திருந்தாள். என் முன்னறையில் நடுவில் நின்று கண்ணால் ஆட்சி செய்தவளின் கண் இப்போது நிலத்தில் இருந்தது.

"உள்ள வா," என்றார் பெரியம்மா.

அவள் வரவில்லை. "எத்தனை மணி பஸ் பெரியம்மா?" என்று கேட்டாள். சத்தம் மிகவும் சின்னதாக இருந்தது.

பெரியம்மா துணியை இயந்திரத்தின் ஊசிக்குக் கீழே வைத்தார். சக்கரத்தைத் தொட்டார். ஆனால் ஓட்டவில்லை.

"முறைப்பாடு வந்தது உண்மைதான்," என்றார். "ஆனா அது உன்னில இல்ல." தாடையால் என்னைக் காட்டினார். "இவவில. இவவை எந்த பஸ்ஸில ஏத்திறதெண்டு பிறகு யோசிப்பம். நீ போய் உடுப்பை மாத்து."

பிள்ளை என்னைத் தாண்டிப் போனாள். அறை வாசலில் அவளை நிறுத்தி, பெரியம்மா கேட்டார்:

"ஆடேக்க எந்தப் பக்கம் நிக்கிறனி?"

"நடுவில."

"ம்," என்றார். இயந்திரம் ஓடத் தொடங்கியது. நான் எழுந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "மாமி," என்றார், அது தன் பிள்ளையின் சிநேகிதி என்னை அழைக்கும் முறை, "இனி என்ர பிள்ளைக்கு வேற ஆக்கள் கையெழுத்து வைக்கப்படாது."

"வைக்கமாட்டன்," என்றேன். வேறு எந்த உறுதிமொழியையும் நான் இவ்வளவு சுருக்கமாகக் கொடுத்ததில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. ஒரு பந்தி. பாதுகாப்புக் காரணங்களால் கோரிக்கையை அனுமதிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். வசனம் என்னுடையது. பல வருடங்களுக்கு முன் நான் தட்டச்சு செய்வித்த மாதிரிக் கடிதம். அதற்குள் பிள்ளைகள் துணிக்கடையின் மொட்டைமாடியில் ஆடிப் படம் எடுத்து முடித்திருந்தார்கள். பின்னால், மாடிகளுக்கு மேலே, கப்பல் ஒன்று நகத்தளவு தெரிகிறது. மூவரின் பாவாடைக்கும் ஒரே நீலப் பட்டி. அதை யார் தைத்தார் என்று நான் கேட்கவில்லை. வேலியில் ஓட்டை இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி ஆறாவது தரம் எழுத எனக்கு எண்ணமில்லை.

மறுப்புக் கடிதத்தில் பெறுநர் இருவர். ஜி.எஸ்ஸின் அறிக்கையின்படி பெரியம்மாவின் பெயர் முதலில், பாதுகாவலர் என்ற பட்டத்தோடு. என் பெயர் இரண்டாவது, வெறும் விண்ணப்பதாரர். அவருடைய பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மாட்டினமாம்," என்றேன்.

"மாட்டினமெண்டால் மாட்டினம்," என்றார். ஆனால் பெயர் இருந்த வரியைத் திரும்பவும் வாசித்தார். தாளை நான்காக மடித்தார். விளிம்புகளை நகத்தால் அழுத்தி, பிஸ்கற் தகரத்தைத் திறந்து, பல்லுப் பிடுங்கிய கடிதத்துக்கு மேலே வைத்து மூடினார். மறுக்கப்பட்ட ஒரு விண்ணப்பத்தை இவ்வளவு பத்திரமாக எடுத்து வைத்த ஒருவரை நான் சேவைக்காலத்தில் கண்டதில்லை.